உப்புப் போடாத ரொட்டி

ரொட்டியில் உப்பு இருக்கிறது என்று சண்முகவடிவுக்கு அன்றுவரை தெரியாது. அவள் புருஷன் கணேசபாண்டியனுக்கும் தெரியாது. பதின்மூன்று வயதில் சங்கரன்கோவில் பக்கமிருந்து பம்பாய்க்கு ரயிலேறி வந்தவன் அவன். வந்த மறுநாளிலிருந்து இருபது வருஷமாகக் காலையில் இரானி கடை ரொட்டியை டீயில் முக்கித் தின்றுதான் அவனுக்குப் பொழுது விடிந்திருக்கிறது. அப்படிப்பட்டவன் டாக்டரைப் பார்த்து, "ரொட்டியில ஏது சார் உப்பு? அது இனிக்கல்லா செய்யும்?" என்று கேட்டுச் சிரித்தான்.

டாக்டர் சுந்தரராமன் சிரிக்கவில்லை. மாட்டுங்காக்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே வந்து அவருடைய வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் இருவரும்.

"எல்லா பேக்கரியிலயும் உப்பு போட்டுத்தான் பண்றா. உங்க நாக்குக்குத் தெரியலை, அவ்வளவுதான். ரொட்டி, ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது. குழம்புலயும் உப்பு கூடாது. ஒரு சிட்டிகைகூட."

சீனாச் சண்டைக்கு அடுத்த வருஷம் அது. ஜூன் மாத மழை தொடங்கியிருந்தது. கணேசபாண்டியன் வடாலாவில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத்து ஓட்டினான். மூன்று மாதமாகவே காலையில் எழுந்தால் முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் இருந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் கால் வீங்குகிறது என்று அவனாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தான். பூட்ஸுக்குள் கால் நுழையாமல் செருப்போடு வேலைக்குப் போன அன்று மேஸ்திரிதான் திருப்பி அனுப்பினார்.

டாக்டர் அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அங்கே குழி விழுந்து அப்படியே நின்றது. அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று வடிவு பார்த்துக்கொண்டே நின்றாள்.

ரத்தம் எடுக்க அவனை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு டாக்டர் அவளிடம் சொன்னார். "ரெண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கும்மா. இதுக்குன்னு பெரிய மருந்து கிடையாது. உப்பைச் சுத்தமா நிறுத்தினா வீக்கம் வடியும், மூச்சு முட்டாது. கஷ்டம் குறையும்."

கஷ்டம் குறையும் என்றுதான் அவர் சொன்னார். உப்பை நிறுத்தினால் நோய் போய்விடும் என்று வடிவு எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னதை வழி நெடுக மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தவள், வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஒன்றை மட்டும்தான் வைத்திருந்தாள்.

வந்ததும் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆபிதா இருந்தாள். கடையநல்லூர்க்காரி. அவள் புருஷன் முகம்மது ஹனீப் மாஹிமில் ஒரு இரானி பேக்கரியில் மாவு பிசைகிற வேலை செய்தான். ஹனீப்பை வடிவு அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் ஆபிதா அவளுக்கு மைனி. கணேசபாண்டியனும் ஹனீப்பும் ஒருவரையொருவர் மாப்ளே, மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்க மைனி. இனி எங்க வீட்ல உப்பு கிடையாது."

"உனக்கும் பிள்ளைக்குமா?"

"அவுக முன்னாடி நாங்க மட்டும் உப்புப் போட்டுத் திங்கவா?"

ஐந்து வயது மகள் கோமுவுக்கும் சேர்த்து அன்றிலிருந்து ஒரே சமையல். உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத புளிக்குழம்பு. முதல் இரண்டு நாள் கணேசபாண்டியன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மூன்றாம் நாள் வாய்க்குக் கொண்டுபோன சோறு அப்படியே வெளியே வந்தது. நோயே குமட்டுகிற நோய். வாயில் எப்போதும் இரும்பைச் சப்பினமாதிரி இருக்கிறது என்றான். லேத்தில் வேலை செய்கிறவனுக்கு அது என்ன ருசி என்று தெரியும்.

"எதுவும் வேண்டாம் வடிவு. டீயும் ரொட்டியும் இருந்தாப் போதும். அது ஒண்ணுதான் எறங்கும்போலத் தோணுது."

"கடை ரொட்டியிலதான் உப்பு இருக்கே, அத்தான்."

"அதான் தெரியுதே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வேலை முடிந்து தலைமுடியெல்லாம் மாவாக வந்த ஹனீப்பை வடிவு வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணன், உப்பு போடாம ரொட்டி சுட முடியுமா?"

ஹனீப் யோசித்தான். "யாரும் சுட்டு நான் பாத்ததில்ல, தங்கச்சி."

"வீட்ல வச்சு சுட முடியுமா?"

"அதுவும் நான் பாத்ததில்ல. எனக்கு மூட்டைக் கணக்குத்தான் தெரியும். ஒரு மூட்டை மைதாவுக்கு இத்தனை வாளித் தண்ணி, இத்தனை கமீருன்னு கொட்டி, மூணு பேரு சேந்து பிசைவோம். அதுல எத்தனை நூறு ரொட்டி வரும்னு முதலாளிக்குத்தான் தெரியும். ஒத்த ரொட்டி நான் சுட்டதே கிடையாது."

உள்ளேயிருந்து ஆபிதா, "மூட்டையில இருந்து டம்ளருக்கு இறங்கி வரத் தெரியாதாக்கும்" என்றாள்.

மூவரும் உட்கார்ந்து ஒரு காபி டம்ளரை நடுவில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். மூன்று டம்ளர் மைதா. ஒரு டம்ளரும் கொஞ்சமும் தண்ணீர். ஒரு கரண்டி சர்க்கரை. மாவைப் பொங்க வைக்கிற கமீர் ஒரு சிறிய எலுமிச்சங்காய் அளவு. கமீரை ஹனீப் பேக்கரியிலிருந்து காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். வெளிர்ச் சாம்பல் நிறத்தில், ஈரச் சவுக்காரத் துண்டு போலப் பிசுபிசுவென்று இருக்கும் அது.

அடுப்புக்கு என்ன செய்வது? பெரிய அலுமினியச் சட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு மணலைப் பரப்பி, கரியடுப்பில் வைத்துக் காய்ச்சி, மணல்மேல் ரொட்டி டின்னை வைத்து மூடவேண்டும் என்றான் ஹனீப். மூடிமேலும் தணல் போடவேண்டும். "எங்க பேக்கரி பட்டி அடுப்புல சூடு நாலு பக்கமிருந்தும் வரும். இங்க கீழேயும் மேலேயுமாவது வரட்டும்."

மாஹிம் கடற்கரையிலிருந்து மணல் கொண்டுவந்தாள் வடிவு. கடல் மணல் ஆயிற்றே, உப்பு இருக்குமே என்று குழாயடியில் வைத்து ஏழு தடவை கழுவினாள். டின்னுக்கு வெளியே கிடக்கிற மணலிலிருந்து ரொட்டிக்குள் உப்பு ஏறாது என்று ஹனீப் எவ்வளவோ சொன்னான். கேட்டுக்கொண்டே எட்டாவது தடவையும் கழுவினாள்.

முதல் ரொட்டி கல்லாக வந்தது. கமீரைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்துவிட்டாள். "கமீருக்கு உசிரு உண்டு தங்கச்சி, வெந்நி ஊத்தினாச் செத்துப்போகும். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுற சூட்டைவிடக் கம்மியா இருக்கணும்" என்று அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சொல்லத் தோன்றியது. மூட்டைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவன், வீட்டில் ஒருத்தி சுடவைப்பாள் என்று நினைக்கவில்லை.

இரண்டாவது மாவு அழகாகப் பொங்கியது. ஈரத்துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று திரும்பி வந்தபோது மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து, நடுவில் குழிந்து, கள்ளு வாடை அடித்தது.

"பேக்கரியில ரெண்டு மணி நேரம் ஆகுமே, உனக்கு முக்கால் மணியில வழிஞ்சிருக்கே" என்று ஹனீப்பே ஆச்சரியப்பட்டான். பிறகு புரிந்துகொண்டான். "உப்புதான் அதைப் புடிச்சு நிறுத்துது. உப்பு இல்லன்னா அதுபாட்டுக்கு ஓடும். நீ பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடணும், தங்கச்சி. இருமடங்கு ஆகுததுக்குக் கொஞ்சம் முந்தியே எடுத்துரு."

மூன்றாவது அடியில் கருகி உள்ளே வேகாமல் வந்தது. கெட்டுப்போன ரொட்டிகளையெல்லாம் கோமு சர்க்கரை தொட்டுத் தின்றாள். நாலாவது தடவை வடிவு மாவை விட்டு எங்கேயும் நகரவில்லை. கை வலிக்க வலிக்கப் பிசைந்தாள். ஒரு துண்டை இழுத்துப் பிடித்தால் கிழியாமல் மறுபக்கத்து வெளிச்சம் தெரியவேண்டும் என்று ஹனீப் சொல்லியிருந்தான். வாசலில் நின்று மழை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தாள். மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, வெந்த மாவின் வாசனை வரிசை வீடுகளில் எல்லாம் போய் நுழைந்தது. டின்னிலிருந்து கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டினாள். காலிப் பெட்டியைத் தட்டினமாதிரி சத்தம் வந்தது. அப்படி வந்தால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம்.

கணேசபாண்டியன் எழுந்து உட்கார்ந்து டீயில் முக்கி ஒரு துண்டு தின்றான். இன்னொரு துண்டு கேட்டான்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"நல்லாயிருக்கு."

மூன்று துண்டு தின்றான். அவன் படுத்த பிறகு வடிவு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். காகிதத்தை மென்றதுபோல் இருந்தது. சமையல் மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு, அதை மென்று முடிக்கும்வரை அப்படியே நின்றாள். அவன் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்த ரொட்டிக்கு எப்படியாவது ஒரு ருசியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏலக்காய் தட்டிப் போட்டாள். எலுமிச்சம்பழம் பிழிந்தாள். வெங்காயத்தை வதக்கிச் சேர்த்தாள். ஒருநாள் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை எடுத்து மூடிவைத்து, மறுநாள் மாவோடு அந்தப் பழைய மாவைச் சேர்த்துப் பிசைந்தாள். இட்லி மாவு புளிக்கிற கணக்குத்தான். அன்றைக்கு ரொட்டியில் லேசான ஒரு புளிப்பு இருந்தது. கணேசபாண்டியன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னைக்குத்தாண்டி நெசம்மா நல்லாயிருக்கு."

"அப்போ இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும் நீ சுட்டதுன்னு தின்னேன்."

வடிவு சிரித்தாள். அவனும் சிரித்தான். பத்து நாளாக அந்த அறையில் யாரும் சிரித்திருக்கவில்லை.

மருந்தும் பத்தியமும் சேர்ந்து வீக்கம் வடிந்தது. ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் நல்ல மாதங்கள். வனஸ்பதி டின்னை வெட்டித்தான் வடிவு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அதன் விளிம்பு அவள் கட்டைவிரலைக் கிழித்ததைப் பார்த்துவிட்டு, கணேசபாண்டியன் பட்டறையிலிருந்து தகடு வாங்கிவரச் செய்தான். வாசலில் உட்கார்ந்து விளிம்புகளை மடித்துத் தட்டி, கையைக் கிழிக்காத நீளமான ஒரு டின் செய்து கொடுத்தான். ஒரு வேலைக்கு நாலு தடவை மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் முடித்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கூட்டாளிகள் பார்க்க வந்தால், "எங்க வீட்டு பேக்கரி ரொட்டி" என்று அவர்களுக்கும் கொடுப்பான். அவர்கள் வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடிப்பார்கள். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வரும்.

வடிவு ஒவ்வொரு காலையும் அவன் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். குழி விழவில்லை. உப்பு போனால் நோய் போகும் என்று அவள் நம்பியது சரியாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் குழி விழுந்தது. அழுத்தின இடம் நிரம்பவே இல்லை.

நவம்பரில் அவனால் படுக்க முடியவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வெள்ளிக்கிழமை பார்த்து கோமுவுக்கு அம்மை போட்டிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வடிவால் கிளம்ப முடியவில்லை. ஹனீப் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான். மத்தியானம் திரும்பி வந்தார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதே மருந்துதான்" என்றான் கணேசபாண்டியன். "ஒரு மாத்திரை கூட எழுதியிருக்காரு."

"பத்தியம்?"

"அது எங்க போகும்."

ஹனீப் உள்ளே வராமல் அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டான். தூக்கம் விழித்தவன், அசதியாக இருக்கும் என்று வடிவு நினைத்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலை, ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டே கணேசபாண்டியன் சொன்னான். "வடிவு, ஒரே ஒருநா உப்பு போட்டு ரொட்டி சுட்டுத் தாயேன். நம்ம கடை ரொட்டி மாதிரி."

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா அத்தான்? இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. நல்லானதும் உப்பை அள்ளிப் போட்டுச் சுட்டுத் தாரேன்."

"ஆறு மாசமா" என்றான். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றான்.

நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்டான். ஒரு சிட்டிகை போதும் என்றான். அன்று அவன் முகம் கண்ணாடியில் அவனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. வடிவுக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சாகணும்னு ஆசையா இருக்கா உங்களுக்கு? அஞ்சு மாசமா நான் இந்த மாவோட கெடந்து மல்லுக்கட்டுதது எதுக்கு?"

அவன் கையிலிருந்த ரொட்டித் துண்டை முழுக்கத் தின்று முடித்துக் காட்டினான்.

அன்று மாலை வேலைக்குக் கிளம்புமுன் கமீர்ப் பொட்டலத்தைக் கொடுக்க வந்த ஹனீப், வாசலிலேயே நின்றுகொண்டு மெல்லச் சொன்னான். "தங்கச்சி, மாப்ளே ஆசப்படுதாரு. ஒருநா துளி உப்பு போட்டா என்ன?"

வடிவு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிச் சொல்லுவியளா அண்ணன்?"

ஹனீப் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து கமீரை ஆபிதாதான் கொண்டுவந்தாள்.

மூன்றாவது தடவை கணேசபாண்டியன் கேட்கக்கூட இல்லை. "உப்பு போட்ட ரொட்டி எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு வடிவு" என்று மட்டும் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்காததுபோல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். எதையாவது பேசினால் மனம் இளகிவிடும் என்று பயந்தாள்.

டிசம்பர் முதல் வாரம் செவ்வாய்க்கிழமை. காலையில் பாலில் நனைத்து ஒரு துண்டு கொடுத்தாள். பாதி தின்றுவிட்டு, போதும் என்றான். அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பதினோரு மணி வாக்கில் மூச்சு நீளமாகியது. பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. அது வரும் வரும் என்று வடிவு காத்துக்கொண்டே இருந்தாள். ஆபிதா வந்து அவள் கையை விலக்கிய பிறகுதான் அழுதாள்.

ஊரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பினார்கள். கூடவே வந்துவிடு என்று அவள் கூடப்பிறந்த அண்ணன் கூப்பிட்டான். வடிவு யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, ஹனீப் வந்து அறையின் உள்ளே தரையில் உட்கார்ந்தான். பின்னால் ஆபிதா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் அவனைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

"ஒன்னு சொல்லணும் தங்கச்சி. கேட்டுட்டு என்னை வையி, அடி, என்னமும் செய்யி."

வடிவு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நானும் மாப்ளேயும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்லா, கோமுக்கு அம்மை போட்டிருந்த அன்னைக்கு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, இனி பத்தியம் எதுக்கு, அவரு கேட்டதைக் குடுங்க, உப்பு போட்டே குடுங்கன்னாரு. மிஞ்சிப்போனா ஒரு மாசம்னாரு."

கீரை உருவுகிற கை நின்றது.

"நான் வெளியே வந்ததும் மாப்ளே என் மூஞ்சியைப் பாத்துட்டாரு. மறைக்க முடியல. சொல்லிட்டேன். அவரு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. மச்சான், வடிவுகிட்ட இதைச் சொல்லாதீரு, உப்பு போடலாம்னு சொன்னா ஏன்னு கேப்பா, ஏன்னு தெரிஞ்சா இன்னைக்கே உடைஞ்சுருவா, இருக்குற நாளையாவது அவ நம்பிக்கையோட இருக்கட்டும்னாரு. கோமு மேல சத்தியம் வாங்கினாரு."

வடிவு கையிலிருந்த கீரையைத் தரையில் வைத்தாள். பிறகு, "அதுக்கப்புறம் மூணு தடவை கேட்டாக" என்றாள்.

"தெரியும்."

"காரணத்தைச் சொல்லாம கேட்டாக."

"அதுக்குத்தான் அன்னைக்கு நான் வந்து உங்கிட்ட துளி உப்பு போடச் சொன்னேன்" என்றான் ஹனீப்.

"அழுதாகளா அன்னைக்கு?"

"இல்ல. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் டாக்ஸியை நிறுத்தச் சொன்னாரு. இரானி கடையில போய் உக்காந்தோம். ரெண்டு டீ சொன்னேன். மேசையில ரொட்டி தட்டு நிறைய இருந்துச்சு. சூடா. எடுத்துத் தின்னும் மாப்ளே, இனி என்ன இருக்குன்னேன். ஒன்னைக் கையில எடுத்தாரு. மோந்து பாத்தாரு. திருப்பித் தட்டுல வச்சுட்டு, வேண்டாம் மச்சான், வடிவு இந்நேரம் சுட்டு வச்சிருப்பா, வயித்தை நிறைச்சுக்கிட்டுப் போனா அவ மனசு சங்கடப்படும்னாரு."

ஆபிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு கீரைக் காம்புகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகு எழுந்து நின்றாள்.

"நீங்க போங்கண்ணன்" என்றாள். "என்னால உங்ககிட்ட இப்போ பேச முடியாது."

அவளுக்கு ஹனீப் மேல் கோபம் இருந்தது. டாக்டர் மேல் இருந்தது. எல்லாரையும்விடச் செத்துப்போனவன் மேல் அதிகமாக இருந்தது. டாக்டர் சொல்லிவிட்டார், சுட்டுத் தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அவள் உடைந்துதான் போயிருப்பாள். உடைந்துபோய், அழுதுகொண்டே, உப்பு போட்டுச் சுட்டுக் கொடுத்திருப்பாள். அந்த ஒரு மாதத்தில் முப்பது ரொட்டி. தனியாக இருக்கும்போது அவனிடம் இதையெல்லாம் உரக்கவே கேட்டாள். கோமு பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

ஊரிலிருக்கிற அண்ணனுக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டாள். பட்டறைக்காரர்கள் சொல்லிவைத்ததில் வடாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. ஜனவரி முழுக்க அவள் ஹனீப்போடு பேசவில்லை. ஆபிதா தினமும் வந்து கோமுவுக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வடிவு பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஹனீப் பாயில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கமீர் இருக்காண்ணன்?"

அவன் அவசரமாக எழுந்தான். "இப்போ இல்ல. ஒரு மணி நேரத்துல வாங்கிட்டு வந்துருதேன்."

"மூணு டம்ளர் மாவுக்கு உப்பு எவ்வளவு போடணும்?"

சட்டையை எடுக்கப் போன ஹனீப் திரும்பினான். "ஒரு சின்னக் கரண்டி. தட்டையா."

ஆபிதாவிடம் ஒரு கரண்டி உப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் போன பிறகும் அவளும் கோமுவும் உப்பில்லாமலேதான் தின்றார்கள்; எட்டு மாதத்தில் அவள் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் உப்பு இது. மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். கைக்கு மாவு வேறாக இருந்தது. இறுக்கமாக, சொன்ன பேச்சைக் கேட்கிற மாவாக இருந்தது. முக்கால் மணியில் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மாவு அப்படியே இருந்தது. ஒரு மணியில் பார்த்தாள். கொஞ்சம்தான் ஏறியிருந்தது. உப்பு போட்ட மாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று ஹனீப் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவில் இல்லை. அவளுக்குக் கைவந்ததெல்லாம் உப்புப் போடாத அந்த ரொட்டிதான். இது செத்துப்போன மாவோ என்று பயந்து, பொறுக்காமல் டின்னில் போட்டு மணல்மேல் ஏற்றினாள்.

ரொட்டி அழுத்தமாக, உயரமில்லாமல் வந்தது. ஆனால் மேல்தோல் நன்றாகச் சிவந்திருந்தது. வாசனையும் கடை ரொட்டி வாசனைதான். ஆறவைத்து, அறுத்து, முதல் துண்டைக் கோமுவின் தட்டில் வைத்தாள்.

கோமு ஒரு கடி கடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது கரிக்குதும்மா."

"கரிக்கலட்டி. ரொட்டின்னா இப்படித்தான் இருக்கும். தின்னு."

"எனக்கு அப்பா ரொட்டிதான் வேணும்."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். வடிவு அவள் மிச்சம் வைத்த துண்டை எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொரு துண்டு அறுத்துக்கொண்டாள். யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த முழு ரொட்டியையும் தின்று முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.